அட்டை எண் 1187

கோத்தகிரியில் எதைப் பூட்டி வைத்தாலும் பூஞ்சணம் பிடிக்கும்.
அதனால் என் இரும்பு பீரோவுக்குள்
ஒரு நாற்பது வாட் பல்பு
இருபத்திரண்டு வருஷமாக எரிந்துகொண்டிருந்தது.
உள்ளே நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு அட்டைகள்:
சதுப்பின் பெயர், சரிவின் பெயர்,
ஓடை திரும்பும் இடத்தின் பெயர்,
அணைத் தண்ணீருக்கு அடியில் போன பதினேழு பெயர்கள்,
சொன்னது யார், என்ன தேதி, அன்று மழையா வெயிலா.
இரவும் பகலும் வெளிச்சம்,
சாவி என் பூணில்லாத கைத்தடிப் பக்கத்து ஆணியில்.

கேட்டவர்கள் இல்லாமல் இல்லை.
மைசூரிலிருந்து ஒரு மாணவி மூன்று கடிதம் போட்டாள்.
'புத்தகம் வரட்டும்' என்று எழுதினேன்.
வரவில்லை.
அவள் வேறு தலைப்புக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்ட அன்று
வெட்கப்பட்டிருக்க வேண்டும்.
நன்றாகத் தூங்கினேன்.

பிறகு கண்ணில் புரை விழுந்தது.
கோயம்புத்தூரிலிருந்து ஒரு பையன் வந்து
'இடம் நாங்கள் தருகிறோம், யாரும் படிக்கலாம், திருத்தலாம்' என்றான்.
யாரும் என்றால்?
'யாரும்தான் சார்.'

பஸ் ஸ்டாண்டுக்கு மேலே யோகராணியின் ஜெராக்ஸ் கடை.
அட்டைக்கு ஒன்றரை ரூபாய்.
கண்ணாடிக்கு அடியில் ஒரு வெள்ளைக் கோடு
போவதும் வருவதுமாக ஏழு வாரம்.
என் ழகரத்தையெல்லாம் மகரமாக வாசித்தது இயந்திரம்.
மழைக்கல் மமைக்கல்லாகி,
யோகராணி வறுகடலை மென்றபடி
ஒவ்வொன்றாய்த் திருப்பி மழையாக்கினாள்.

வெளியிட்ட நாலாம் நாள் இரவு பதினொன்றுக்கு
மஞ்சூர் ரூட் டிரைவர் பெள்ளிராஜ் எழுதியிருந்தார்:
'2046. கள்ளத்துறை இல்லீங்க. ஹள்ள. ஓடைன்னு அர்த்தம்.
அங்க திருடன் யாரும் இருந்ததில்லை.'
அந்தத் திருடனை வைத்து
நான் ஒரு கட்டுரை வாசித்துப் பொன்னாடை வாங்கியிருக்கிறேன்.
சிரித்துவிட்டேன், தனியாக, சத்தமாக.
அப்புறம் தினமும் காலையில் பல் விளக்கும் முன்
யார் என்ன திருத்தினார்கள் என்று பார்ப்பது வழக்கமாயிற்று.

அப்படிப் பார்த்த ஒரு காலையில் மசினி.
கீழ்ச்சரிவு இருளர் ஊர். மேட்டுப்பாளையத்தில் நர்ஸ்.
'1187ஐ எடுத்துடுங்க.
அந்த இடத்தோட பேரை நாங்க வெளியாளுக்குச் சொல்றதில்லை.
எங்கப்பா சொன்ன அன்னைக்கு அவருக்குக் காய்ச்சல்.
நீங்க மாத்திரை கொடுத்தீங்க.
பதிலுக்குக் கொடுக்க அவர்கிட்ட வேற எதுவும் இல்லை.
இதை நீங்க அட்டையில எழுதலை.'

எழுதவில்லை.
'சொன்னவர் மருதன். 14.11.1998. மழை.'
அவ்வளவுதான் இருந்தது என் கையெழுத்தில்.
மாத்திரை நினைவுக்கு வந்தது. அவர் போர்த்தியிருந்த சாக்கும்.

நீக்க ஒரு பொத்தான் போதும்.
அதற்குள் பதினோரு பேர் இறக்கிவைத்திருந்தார்கள்.
பதினோரு பேருக்கும் எழுதினேன்.
எட்டுப் பேர் அழித்துவிட்டதாகப் பதில் போட்டார்கள்.
மூன்று பேரை நினைத்து இப்போதும் நடுராத்திரியில் விழிப்பு வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை, பஸ் ஸ்டாண்டில்,
யூனிஃபார்முக்கு மேல் ஸ்வெட்டரோடு நின்றாள்.
அட்டையைக் கொடுத்தேன்.
படிக்கவில்லை. கவிழ்த்து
டிபன் பைக்குள் வைத்துக்கொண்டு
'பஸ் எடுத்துருவான்' என்று ஓடினாள்.
நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

ஜெர்மனியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்:
1186க்குப் பின் 1188 வருகிறதே, ஒன்று தொலைந்துவிட்டதா?
தொலையவில்லை, உரியவர்களிடம் இருக்கிறது என்று எழுதினேன்.
மறுபடி ஒரு கடிதம் வரும். வரட்டும்.

யோகராணி பில் போட்டாள்.
ஆறாயிரத்து நூற்று அறுபத்தாறு ரூபாய் ஐம்பது பைசா.
'கணக்குச் சரிதானா?'
'ஒரு அட்டையைக் கழிச்சுட்டேன் சார்.'